மாமா ஜீன்

ஒரு சோம்பேறிக்கு அறிவியல் காரணம் மட்டும் கிடைத்துவிட்டால் அவனைக் கையில் பிடிக்க முடியாது. எனக்குக் கிடைத்தது.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்றே டாக்டரம்மா சொன்னார்: “மூணு மாசத்துல வாங்க, புதுப் பல் வச்சுடலாம். விட்டா அந்த இடத்துல தாடை எலும்பு கரைஞ்சுடும்.” நான் மூன்று வருடம் கழித்துப் போனேன். (கேம்ப் ரோடு டிராஃபிக் அப்படி.) எக்ஸ்ரேயில் எலும்பு பாதியாகியிருந்தது.

“பரம்பரையா இருக்குமா டாக்டர்?”

“சிலருக்குச் சீக்கிரம் கரையும். ஜீனுக்கும் அதுல கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனா...”

அந்த ‘ஆனா’வோடு என் காது மூடிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு, என் தங்கை நித்யாவின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க, கூடுவாஞ்சேரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் சேலையூர் வீட்டுக்கு வந்தார்கள். நித்யாவும் பிரபுவும் நாலு வருடம் காத்திருந்து இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்த கல்யாணம் அது. பிரபுவின் அம்மா தன் கையாலேயே பொருவிளங்காய் உருண்டை பிடித்துக் கொண்டுவந்திருந்தார். கருங்கல் தோற்கும். நான் ஒன்றை வாயில் போட்டு, பல் உள்ள பக்கமாக ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏன் தம்பி, கடிக்க மாட்டேங்கறீங்க?”

‘பல் கட்டப் போகலை ஆன்ட்டி’ என்றால் முடிந்திருக்கும். என் வாயில் சனி. மொபைலில் இருந்த எக்ஸ்ரேயைக் காட்டினேன். “எங்க பரம்பரையே அப்படித்தான் ஆன்ட்டி. பல் போனா எலும்பும் போயிடும். ஜீன்!”

பிரபுவின் அம்மா மொபைலை வாங்கி எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பரம்பரைன்னா... பொண்ணுக்கும் வருமா?” என்றார் பிரபுவின் அப்பா. “பொறக்கப்போற குழந்தைங்களுக்கு?”

நித்யா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்று நினைத்தாலும் உடம்பெல்லாம் கூசுகிறது.

அப்பா எழுந்தார். ரிடையர்டு கணக்கு வாத்தியார், விவாதத்தைவிட நிரூபணத்தை நம்புகிறவர். தட்டில் இருந்ததிலேயே பெரிய உருண்டையை எடுத்தார். “சம்பந்தி, எனக்கு அறுபத்தாறு வயசு. எங்க பரம்பரையைப் பாத்துக்கங்க.”

கடித்தார். டொக்!

“அட, உடைச்சுட்டாரே!” என்று பிரபுவின் அம்மா கைதட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். தை மாதத்தில் நாளும் குறித்தாயிற்று. அப்பா மட்டும் கடைசிவரை வாயே திறக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். (அடக்கமான மனுஷர் என்று நினைத்திருப்பார்கள்.)

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் உள்ளங்கையில் துப்பினார். பாதி உருண்டை, பாதிப் பல்.

“மன்னிச்சுக்கங்கப்பா” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. டாக்டரம்மா சொன்ன தேதிக்குச் சொன்ன நேரத்தில் அப்பா போய்ப் புதுப் பல் வைத்துக்கொண்டார். எலும்பு ஜம்மென்று இருந்ததாம். டாக்டரம்மா, துணைக்குப் போயிருந்த என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு நான் முடிக்கிறதுக்குள்ள எழுந்து போயிட்டீங்க. ‘ஆனா, நீங்க மூணு வருஷம் வரவே இல்லையே’ன்னு சொல்ல வந்தேன்.”

இப்போது நித்யாவின் மகள் இரண்டாம் வகுப்பு. ஹோம்வொர்க்கை நாளைக்குத் தள்ளினாலும், குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாலும், “மாமா ஜீன்!” என்று வீடே கத்தும். போன வாரம் அவளே கற்றுக்கொண்டுவிட்டாள். எழுதாத நோட்டை மூடி வைத்துவிட்டு, “நான் என்னம்மா பண்றது? மாமா ஜீன்” என்றாள்.

அப்பா புதுப் பல் தெரியச் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.