வெள்ளைக்கரை டயப்பருக்கு முதல் பரிசு

வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. குழந்தை இன்னும் வயிற்றில் இருந்தபோது, மாமனார், மாமியார், மைத்துனர்கள் இரண்டு பேர், எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொட்டு சார் எழுந்து நின்று அறிவித்தார்.

"குழந்தைக்கு மூணு மாசம் முடிஞ்சதும் இவ வேலைக்குப் போகட்டும். நான் ஒரு மாசம் லீவு போட்டுட்டு வீட்ல இருந்து பார்த்துக்கறேன். அப்பான்னா சும்மா பேருக்கு இருக்கிறதா?"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைத்துனர்கள் இரண்டு பேரும் முறைத்தார்கள். அவர்கள் மனைவிமார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம்.

இப்போது அந்த மூன்று மாதம் முடியப் போகிறது. வருகிற திங்கட்கிழமை லீவு ஆரம்பம். இன்றைக்குச் செவ்வாய்.

சொட்டு சார் என்பது அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. தண்ணீர்த் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் வைத்தது, அதுவும் பாசத்தில் வைத்தது இல்லை. அங்கே அவருக்குக் கசிவு பார்க்கிற வேலை. ஆயிரம் லிட்டர் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, சுற்றிலும் செய்தித்தாளை விரித்து, முழங்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு, சிவப்புச் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. மேனேஜர் கெஞ்சினாலும் சரி, முதலாளியே வந்து குதித்தாலும் சரி, போட்ட குறி போட்டதுதான்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஐந்தரைக் கிலோ எடையுள்ள ஓர் ஆளுக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தார். பெற்ற மகளை இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அவராகத் தூக்கியதில்லை. கழுத்து நின்றும் நிற்காமலும் இருக்கிறது. உச்சந்தலையில் ஓர் இடம் பக்பக்கென்று துடிக்கிறது. கால் தீக்குச்சி கணக்காக இருக்கிறது. தன் முரட்டுக் கையால் எங்கேயாவது பிடித்து ஏதாவது ஆகிவிட்டால்? இதை யாரிடம் சொல்வது? அதனால் சாக்குச் சொன்னார். "கையெல்லாம் கிரீஸ்" என்றார். "ஜலதோஷம் வர்ற மாதிரி இருக்கு" என்றார். "பாவம், நல்லா சிரிச்சுக்கிட்டு இருக்கா, கலைக்க வேண்டாம்" என்றார். அவர் மனைவி தெருக்கோடித் துணிக்கடையில் கட்டிங் மாஸ்டர். ஆளைத் தூரத்தில் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள்.

அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, கடை டயப்பர். பாக்கெட்டிலேயே பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்று போட்டிருக்கிறான். மனைவிக்குப் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் வேலை. நடுவில் பால் கொடுக்க ஒரு தடவை வந்துவிடுவாள். காலையில் அவளே கட்டிவிட்டுப் போனால் இவர் பக்கத்தில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டினால் போதும். விரல்கூடப் படவேண்டாம். மனசுக்குள் இப்படிக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி அதில் கல்லைப் போட்டாள்.

"என்னங்க, இனிமே துணி டயப்பர்தான். கடை டயப்பர் போட்டுப் போட்டு இடுப்பெல்லாம் சிவந்து கிடக்கு. டாக்டரம்மாவும் அதான் சொன்னாங்க."

"துணியா? அது எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும்?"

"நனைஞ்சா மாத்தணும்."

"எப்ப நனையும்?"

"அதை அவளைத்தான் கேக்கணும்."

"ஊக்கு குத்திடாது?"

"பார்த்துக் குத்தணும்."

'பார்த்துக் குத்தணும்' என்ற சொல் காதில் விழுந்ததும் சொட்டு சார் சட்டையை மாட்டிக்கொண்டு மாடிவீட்டுக்கு ஓடினார். மாடியில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவர். ஆறுதல் தேடிப் போகக்கூடாத ஆள்.

"துணி டயப்பரா? ஐயையோ தம்பி! ஊக்கு சமாச்சாரம் ஒண்ணு என் கண் முன்னாடி நடந்தது."

"சொல்லாதீங்கண்ணே."

"ஒருத்தன் தன் குழந்தைக்கு ஊக்குப் போட்டான். கை நடுங்கிடுச்சு."

"குழந்தைக்கு என்னண்ணே ஆச்சு?"

"குழந்தை நல்லா இருக்கு. அவனுக்குத்தான் கட்டைவிரல்ல மூணு தையல்."

சொட்டு சார் தன் கட்டைவிரலை மூடிக்கொண்டார்.

"பயமா இருக்குண்ணே. நெஜமாவே பயமா இருக்கு. என் கை பட்டு அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்."

"அட, அழாதே. உன் வேலை என்ன?"

"கசிவு பார்க்கறது."

"துணின்னா கசியுமா, கசியாதா?"

"கசியத்தான் செய்யும்."

"அப்புறம் என்ன? டெஸ்ட் பண்றேன்னு சொல்லு. எல்லாத்துக்கும் பெருக்கல் குறி போடு. வேலை முடிஞ்சது."

சொட்டு சார் இறங்கி வரும்போது படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். வீட்டுக்குள் நுழைந்ததும் குரலை ஆபீஸ் குரலாக்கிக்கொண்டார்.

"இதோ பாரு, துணி டயப்பர் வாங்கறதுன்னா அது முறையா டெஸ்ட் ஆகணும். எல்லாமே கசிஞ்சுதுன்னா கடை டயப்பர்தான். சம்மதமா?"

"சம்மதம். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் இந்த வீட்டுக்குள்ள எந்த டயப்பரும் வரும்" என்றாள் மனைவி.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே!

புதன்கிழமை சாயங்காலம் மேஜையில் ஐந்து கவர்கள் இருந்தன. "எங்க கடைக்கு அஞ்சு கம்பெனிக்காரங்க சாம்பிள் அனுப்பியிருக்காங்களாம்" என்றாள். ஒன்றுக்கு நீலக்கரை. அடுத்தது மஞ்சள். அப்புறம் பச்சை, ரோஸ், கடைசியில் வெள்ளை. ஒவ்வொரு கவரிலும் மூன்று டயப்பர். ஊக்கே கிடையாது, எல்லாம் பிரஸ் பட்டன். முதல் சாக்குப் போய்விட்டது.

அவர் கலங்கவில்லை. வியாழக்கிழமை தொழிற்சாலையிலிருந்து வந்ததும் ரப்பர் வெந்நீர்ப் பையில் பச்சைத் தண்ணீரை நிரப்பினார். மூடியை லேசாகத் தளர்த்தி விட்டார். அந்தப் பைக்கு ஐந்து டயப்பரையும் ஒவ்வொன்றாகக் கட்டி, செய்தித்தாள் மேல் உட்கார வைத்தார். ஐந்தும் ஊற்றின. மனுஷனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தொழிற்சாலைப் படிவத்திலேயே ரிப்போர்ட் எழுதி, ஐந்துக்கும் பெருக்கல் குறி போட்டு, மனைவியிடம் நீட்டினார்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே படித்தாள்.

"ஏங்க, உங்க தொழிற்சாலையில தொட்டியை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

"தொட்டியில தண்ணி ஊத்தி."

"வாளியில ஊத்திப் பார்த்துட்டு, தொட்டி கசியுதுன்னு எழுத மாட்டீங்களே?"

"அது எப்படி எழுத முடியும்?"

"இதுல 'சோதனை முறை: வெந்நீர்ப் பை'ன்னு எழுதியிருக்கே? நம்ம வீட்ல டயப்பர் போட்டுக்கறது வெந்நீர்ப் பையா?"

சொட்டு சார் அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்தார்.

"அது... ஒரு உத்தேசத்துக்கு..."

"உத்தேசமா? உங்க கையெழுத்துக்கு ஒரு மரியாதை உண்டுன்னு ஊர்பூரா சொல்லிட்டிருக்கேன். இந்தப் பேப்பரை உங்க முதலாளி பார்த்தா என்ன சொல்வாரு?"

சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தொழிலில் கை வைத்துவிட்டாள். அவர் அந்தப் பேப்பரைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார்.

"கொண்டா அவளை! ஒவ்வொண்ணும் மூணு தடவை. மொத்தம் பதினஞ்சு டெஸ்ட். எவன் கம்பெனி தேறுதுன்னு பார்த்துடறேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் குழந்தை கட்டிலுக்கு வந்துவிட்டது. மனைவி நீலக்கரையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

"ஏய், எங்க போறே?"

"துணி காயப்போட. டெஸ்ட் நடக்கும்போது யாரும் பக்கத்துல நிக்கக்கூடாதுன்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க?"

கதவு சாத்திக்கொண்டது. கட்டிலைச் சுற்றி நாலு தலையணை, நடுவில் மகள், எதிரே தகப்பன். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மேனேஜர்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"இதோ பாரும்மா" என்றார் சொட்டு சார். "அப்பாவுக்கு ரொம்பப் பயமா இருக்கு. நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

அனுசரிக்கவில்லை. இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்தார், அவை அவர் இரண்டு விரலுக்குள் அடங்கிவிட்டன. அவ்வளவு சின்னதா என்று பதறிக் கையை விட்டார். மறுபடி பிடித்தார். அவள் உதைத்தாள். "ஐயோ, வலிக்குதா?" என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் வலிக்கவில்லை, உதை வாங்கியது அவர் மூக்கு. டயப்பரைத் தலைகீழாக வைத்தார். எடுத்துத் திருப்பி வைத்தார். வலதுபக்கப் பட்டனை இடதுபக்கம் மாட்டினார். கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கடைசியில் ஏதோ ஒரு மாதிரி நின்றது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலாவது நிமிஷம் ஊற்று கிளம்பியது. அப்போது அவர் மகளின் தொடையோரம் எங்கேயாவது கசிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை காலரிலிருந்து முழங்கை வரை நனைந்துவிட்டது.

இருபது வருஷப் பழக்கம். உடனே நோட்டை எடுத்தார். 'நீலக்கரை. நான்கு நிமிடம். கசிவு: இடது தொடை. வேகம்: அதிகம்.' குழந்தை சிணுங்கியது. எழுதிக்கொண்டே தூக்கித் தோளில் போட்டு, முதுகைத் தட்டி, ஈரத் துணியை உருவிப் பக்கெட்டில் போட்டார். அடுத்த வரி எழுதப் போனபோதுதான் தெரிந்தது, தோளில் இருப்பது குழந்தை.

நோட்டைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கழுத்து? சரியாக இருந்தது. கை, கால்? எண்ணிப் பார்த்தார், எல்லாம் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவர் கை பட்டும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை! கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கலாம் என்றால் இரண்டு கையிலும் மகள். அப்படியே வழியவிட்டார்.

வெள்ளி சாயங்காலம் இரண்டு. சனிக்கிழமை ஏழு. ஞாயிற்றுக்கிழமை மீதி ஐந்து. ஒவ்வொரு தடவையும் கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பதா, பட்டனைப் பார்ப்பதா, உதைக்குத் தப்புவதா என்கிற அவசரத்தில் நடுக்கத்தைக் கவனிக்க நேரமில்லை. மஞ்சள்கரை பன்னிரண்டு நிமிஷம் தாங்கியது. பச்சைக்கரை அரை மணி. ரோஸ்கரை முக்கால் மணி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளைக்கரை ஒன்றரை மணி நேரம் ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் நின்றது. சொட்டு சார் விசிலடித்தார். குழந்தையும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

சாயங்காலம் ரிப்போர்ட்டை மனைவி கையில் கொடுத்தார்.

"இப்பப் படி! வெள்ளைக்கரை முதல் தரம். துணின்னா இதுதான் துணி. அந்த நீலக்கரைக் கம்பெனி இருக்கானே, சுத்த ஃபிராடு. அவன் மேல கேஸ் போடலாம்."

"எந்தக் கம்பெனி மேல?"

"நீலக்கரை."

"அது நான்தாங்க."

சொட்டு சாருக்குப் புரியவில்லை.

"அஞ்சும் நான் வெட்டித் தைச்சதுதான். நீங்க தொழிற்சாலைக்குப் போனதும் உட்கார்ந்து தைச்சேன். எல்லாம் ஒரே துணி. உங்க பழைய போர்வை. ஒரே அளவு, ஒரே பட்டன். கரை நூல் மட்டும்தான் வேற வேற கலரு."

"ஒரே துணியா? அப்ப நாலு நிமிஷம் எப்படி ஒன்றரை மணி நேரமாச்சு?"

"முதல் நாள் கை நடுங்கித் தொளதொளன்னு கட்டினீங்க. இன்னிக்குக் கச்சிதமா கட்டினீங்க."

அவர் நோட்டைப் புரட்டி முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"எனக்குப் பயம்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"கிரீஸே இல்லாத கையைக் காட்டி கிரீஸ்னு சொன்னீங்களே, அன்னிக்கே."

"நேராக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா தூக்கியிருப்பீங்களா?"

சொட்டு சாருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"மாட்டேன்" என்றார்.

மனைவி அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து, 'சோதிக்கப்பட்ட பொருள்: துணி டயப்பர், ஐந்து வகை' என்ற வரியை அடித்தாள். அதற்கு மேலே ஏதோ எழுதினாள், அடியில் இரண்டு வரி எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். பிறகு நாளைக் காலை வேலைக்குப் போகப் புடவை தேய்க்க உள்ளே போய்விட்டாள். சொட்டு சார் மகளை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு குனிந்து படித்தார்.

'சோதிக்கப்பட்ட பொருள்: குழந்தையின் அப்பா, ஒன்று. பதினைந்து முறை சோதிக்கப்பட்டது. முதல் நாள் கண்ணில் கசிவு இருந்ததைக் கதவிடுக்கு வழியாக நேரில் பார்த்தேன். பரவாயில்லை, உபயோகிக்கலாம்.'