கம்பு சாரும் கேறாத கடலும்

நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் உள்ள கடற்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மீன்பிடிக்கிறவர்கள்கூடச் சாப்பிடவும் உறங்கவும் கோயிலுக்குப் போகவும் எப்போதாவது திரும்பித்தான் ஆகவேண்டும். கம்பு சார் திரும்பமாட்டார். வேலை முடிந்து அறைக்கு வரும்போதும் கடலைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வருவார். வழியில் காயப்போட்ட வலை, உலர்த்திய மீன், உறங்குகிற நாய் எல்லாவற்றையும் மிதித்துவிட்டு, "யாருவே அது?" என்று கடலிடமே கேட்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். சம்பளம் வாங்கும்போது மட்டும் அது தேவைப்பட்டது.

சுதந்திரம் வந்துவிட்டது, நாஞ்சில் நாடு மட்டும் இன்னும் திருவனந்தபுரத்துக்குக் கீழே இருந்த காலம். கொட்டாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே மணலில் கால் புதைய நடந்தால் ஒரு மீனவர் ஊர் வரும். அங்கே ரேஷன் கடையில் அரிசி அளப்பது என் உத்தியோகம். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் பாதி எனக்கு. மீதிப் பாதியை, திருவனந்தபுரத்து இலாகா ஒன்று அனுப்பி வைத்த இந்த ஆராய்ச்சிக்காரருக்குக் கொடுத்தார்கள். கடல் வருஷத்துக்கு வருஷம் கரையை எவ்வளவு தின்கிறது, எங்கிருந்து மணலை அள்ளி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை.

மனிதர் வந்து இறங்கியபோது பெட்டி படுக்கை இல்லை. ஒரு மாட்டு வண்டி நிறையக் கம்பு இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புச் சாயம், அதன் கீழே நம்பர்.

கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த சூசை எழுந்து வந்தான். "பந்தலா சாரே? யாருக்குக் கல்யாணம்?"

"பந்தல் இல்லவே. கடல அளக்கப் போறேன்."

சூசை வண்டியைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். "கடல அளக்க ஒரு வண்டிக் கம்பு தெகையுமா சாரே?"

சூசையின் வீடுதான் கடலுக்கு முதல் வரிசை. அந்த முற்றத்துக்கு வெளியே, நல்ல எட்டத்தில், சார் முதல் கம்பை நட்டார். அதற்கு 'மூலக் கம்பு' என்று பெயரும் வைத்தார். அங்கிருந்து அலை வரைக்கும் மற்றக் கம்புகள் வரிசையாக இறங்கின. தினமும் காலையில் மூலக் கம்பில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டிவிட்டு சார் நிற்பார். மறு நுனியை எடுத்துக்கொண்டு சூசை அலைக்குப் போவான். ஏனென்றால், கடலை ஆராய வந்தவருக்குக் கடல் தண்ணீர் காலில் பட்டால் ஆகாது.

"நீச்சல் தெரியாதா சாரே?" என்று கேட்டேன்.

"நீச்சலா? நான் பூ வெளையுத தோவாளைக்காரன் வேய். பூவுக்குள்ள விழுந்தாத்தான் நீந்துவேன்."

மணல் விஷயத்தில் மட்டும் அவருக்குப் பயமும் கிடையாது, அருவருப்பும் கிடையாது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிச் சப்புவார். "இது பழையாத்து மணலு வேய். மழைக்கு வந்திருக்கு" என்பார். பிறகு கடைச் சாக்கை விரித்து மணலைக் காயவைத்து, என்னுடைய மாவுச் சல்லடையில் சலித்து, கடைப் படியாலேயே அளந்து, வெள்ளை ஒரு குவியல், சிவப்பு ஒரு குவியல், கருமணல் ஒரு குவியல் என்று பிரித்து வைப்பார். என் பாய் மூன்றாவது குவியலுக்குக் கீழே கிடக்கும்.

இதில்தான் வம்பு வந்தது. சூசையின் மனைவி பிரகாசிக்குக் கடலுக்கு அக்கரையில் கேட்கிற தொண்டை. ஒருநாள் ரேஷன் வாங்க வந்தவள் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒருவர் ரேஷன் சாக்கில் உட்கார்ந்து, ரேஷன் படியால் மணல் அளந்துகொண்டிருக்கிறார்.

"ஏட்டி, எல்லாரும் இஞ்ச வாருங்கட்டி! அரிசியில மணலு எங்கேருந்து வருதுண்ணு இப்பம் மனசிலாச்சா? கவர்மெண்டு இதுக்குண்ணு ஒரு ஆள வச்சுல்லா அரிச்சுக் கலக்குது!"

ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். நான் புறவாசல் வழியாக ஓடப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு பேர் மீன் கூடையோடு நின்றார்கள். கம்பு சார்தான் நிதானமாக வெளியே வந்தார். ஒரு கையில் அரிசியில் பொறுக்கிய மணல், மறு கையில் கரை மணல்.

"அம்மா, ரெண்டையும் ருசிச்சுப் பாரு. ஒனக்க அரிசியில கெடக்கது ஆத்து மணலு. நான் அரிக்கது கடல் மணலு. ரெண்டும் வேற."

பிரகாசி விடுவாளா? இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். "செரிதான். இது கரிக்குது, அது கரிக்கல்ல. சாரு கலக்கல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். அன்று முதல் ஊரில் அவர் உத்தமர், நான் மட்டும் கள்ளன்.

அந்த வருஷம் ஆடியில் கடல் பொங்கி இரண்டு கம்புகளைக் கொண்டுபோய்விட்டது. சார் மூலக் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். சோறும் வேண்டாம், என் ஆறுதலும் வேண்டாம். பிரகாசி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள்.

"குடியுங்க சாரே. போனது கம்புதானே? எனக்க முருங்க மரம் போச்சு, நான் அழுதேனா?"

"ஒனக்க முருங்கைக்கு நம்பர் கெடையாதே அம்மா" என்றார் சார், கடலைப் பார்த்தபடி. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. பிரகாசி காப்பியை மணலில் வைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆண்களும் கொஞ்சம் தள்ளி நின்று தலையைச் சொறிந்தார்கள்.

அவர்கள் அவரைத் தாங்கியதற்குக் காரணமும் இருந்தது. இலாகா கரையோரத்தில் கருங்கல் போடப்போகிறது, ஆனால் ஒரே ஓர் ஊருக்குத்தான் கல் உண்டு, எந்த ஊர் என்பது கம்பு சார் எழுதுகிற அறிக்கையைப் பொறுத்தது என்று பேச்சு. கல் விழுந்தால் சூசையின் வீடு நிற்கும். விழாவிட்டால் இன்னும் ஓர் ஆடியோ, இரண்டு ஆடியோ. "சாரு எழுதுனா கல்லு வரும்" என்று பிரகாசி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்.

மறு வருஷம் ஆடி வந்தது. போன வருஷத்துக்கு இது அண்ணன். சூசையின் தென்னை விழுந்தது, அடுக்களைச் சுவர் விழுந்தது. ஆனால் கம்புகளில் ஒன்றுகூடப் போகவில்லை! கடல் அடங்கியதும் சார் கயிற்றைக் கட்டி அளந்தார். திரும்பவும் அளந்தார். பிறகு என்னைக் கடையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

"பாத்தேரா வேய்! போன வருஷம் எவ்வளவோ, அவ்வளவே இருக்கு. ஒரு அடி கேறல்ல! ஒலகத்துல எல்லா எடத்திலயும் கடல் கேறுது, இஞ்ச மட்டும் நிக்குது. அடியில பெரிய பாறை கெடக்கணும்!"

"அப்போ சூசை வீட்டு அடுக்களைச் சுவர் விழுந்ததே சாரே?"

"சுவரு மழைக்கு விழும் வேய். கம்பு பொய் சொல்லாது."

அறிக்கை திருவனந்தபுரம் போயிற்று. ஆடி முடிவதற்குள்ளேயே, நிற்கிற கடலைப் பார்க்கப் பெரிய ஆபீசரே புறப்பட்டு வந்தார். கோட்டு, பளபளக்கிற பூட்ஸ், பின்னால் நாற்காலி தூக்கிய பியூன். ஊர் முழுவதும் மாலையோடு கரையில் நின்றது. கல் எப்போது வரும் என்று சொல்லத்தான் ஆபீசர் வந்திருக்கிறார் என்று அவர்கள் எண்ணம். பிரகாசி தன் வீட்டு வாசலிலேயே நாற்காலியைப் போடச் சொல்லி இளநீர் கொடுத்தாள்.

ஆபீசர் குடித்துவிட்டு, மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்: "நிங்ஙளுக்கு பாக்கியம். இங்க கடல் கேறுனதே இல்ல. அதுகொண்டு கல்லு வேற ஊருக்குக் கொடுக்கப் போறோம்."

மாலை பிடித்த கைகள் அப்படியே நின்றன.

"கடலு கேறல்லியா?" பிரகாசியின் குரல் கொட்டாரம் வரைக்கும் கேட்டிருக்கும். "அப்பம் எனக்க அடுக்களை எங்க? எனக்க தென்ன எங்க? கடலு சம்மந்தம் பேசவா வந்துட்டுப் போச்சு? சாரே, ஒமக்குக் காப்பி போட்டுத் தந்த கையில்லா இது! இப்பிடியா எழுதுவீரு?"

சார் வழக்கம்போலக் கடலைப் பார்த்தபடி, "நான் என்ன அம்மா செய்ய? கம்பு பொய் சொல்லாதே" என்றார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

சூசை முன்னால் வந்தான். அவனுக்குக் கோபம்கூட இல்லை. "கம்ப ஏன் சாரே இதுல இழுக்குதிய? அத நாங்கல்லா ஒவ்வொரு வாட்டியும் ஏத்தி ஏத்தி வைக்கோம்."

"என்னது?"

"ஏத்தி வைக்கோம்ணேன். அலை தொடுத எடத்துல எது கெடந்தாலும் பாத்தவன் கரையில ஏத்தி வைக்கணும், அது எங்க மொறை. எனக்கும் எனக்க அண்ணனுக்கும் பேச்சு வார்த்த கெடையாது. ஆனா அவனுக்க கட்டுமரத்த நான் ஏத்துவேன், எனக்கத அவன் ஏத்துவான். நீரு ரெண்டு கம்புக்கு அந்த அழுகை அழுதீரு. பின்ன விடுவோமா? நம்பரு மாறல்ல, எடவெளி மாறல்ல, ஒமக்க கயிறு வச்சே அளந்துல்லா நட்டோம்!"

சுற்றி நின்ற ஆண்கள் பெருமையோடு தலையாட்டினார்கள். ஒருவன், "ஒண்ணுகூட கடலுக்குக் கொடுக்கல்ல சாரே" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

கம்பு சார் திரும்பினார். கடலுக்கு முதுகைக் காட்டி அவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். எட்டத்தில் நட்ட மூலக் கம்பு, முற்றத்தைத் தாண்டி, சூசை வீட்டுச் சன்னலுக்குக் கீழே நின்றது. அடுக்களை இருந்த இடத்தில் மூன்று அடுப்புக் கல் மட்டும் மணலில் கிடந்தது.

"அம்மா, ஒங்க வீடு இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?"

"வீடு நின்ன எடத்துலதான் சாரே நிக்குது" என்றாள் பிரகாசி. இந்தத் தடவை அவள் சத்தம் போடவில்லை.

ஆபீசர் நாற்காலியில் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "கவர்மெண்ட் சாமானைத் தொட்டது யாரெல்லாம்? பேரு எழுது. போலீஸுக்குக் கொடுக்கணும்." பியூன் பென்சிலை எடுத்தான். சூசைக்கு விஷயம் புரியவில்லை, பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். கம்பு சார் அவனுக்கு முன்னால் போய் நின்றார்.

"நான்தான் சார் ஏத்தி வைக்கச் சொன்னேன்."

"நீயா? அளக்குறவன் கம்பை நகத்தச் சொல்லுவானா?"

"மடையன் சொல்லுவான் சார்."

ஆபீசர் பென்சிலை இறக்கச் சொல்லிப் பியூனுக்குக் கை காட்டினார். "அப்போ இந்த ரிப்போர்ட் முழுக்கப் பொய். சரி, கடல் கேறுதுன்னு சொல்ல என்ன தெளிவு, என்ன சாட்சி இருக்கு?" என்று கேட்டு, பதிலுக்காகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆடி மாசத்துக் கடல் கேள்வி கேட்டால் சும்மா இருக்காது. முற்றத்தைத் தாண்டி வந்த அலை நாற்காலியைச் சுழற்றி, ஆபீசரின் மடி வரைக்கும் ஏறிற்று. "ஐயோ!" என்று அவர் கத்துவதற்குள் சூசையும் அவன் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துவிட்டார்கள். இன்னும் நாலு பேர் ஓடிவந்தார்கள். நாற்காலியோடு தூக்கி, கட்டுமரம் ஏற்றுகிற அதே சத்தம் போட்டு, கோயில் வாசலில் கொண்டுபோய்த்தான் இறக்கினார்கள். எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது, ஒரு பூட்ஸைத் தவிர.

ஆபீசர் கோட்டைப் பிழிந்தார். ஒற்றைக் காலைப் பார்த்தார். "கல்லு போடலாம்" என்றார்.

அடுத்த ஆடிக்கு முன்னால் கல் வந்தது. அதற்கு முன்னாலேயே கம்பு சாருக்கு மாற்றல் வந்துவிட்டது. பொய் அறிக்கை எழுதியதற்காக, கடலே கண்ணில் படாத ஏதோ ஒரு மலை ஆபீசுக்கு. வழியனுப்பக் கொட்டாரம் வரைக்கும் போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம்.

"உண்மையச் சொல்லியிருந்தா உம்ம வேலைக்கு ஒண்ணும் வந்திருக்காதே வேய்! எதுக்கு அந்தப் பொய்?"

"சூசை ஜெயிலுக்குப் போனா அவன் அண்ணனுக்க கட்டுமரத்த யாரு வேய் ஏத்துவா?" என்றார். பிறகு சிரித்தார். "எனக்க ஆராய்ச்சி இனி எங்கயும் இவ்வளவு அன்பாப் பாழாகாது."

பஸ் புறப்படுகிற நேரம். பிரகாசி மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் ஓலையில் பொதிந்த கருவாடு. வெயிலில் தானே உலர்த்திய நெத்திலி. "மலையில இது கிட்டாது சாரே" என்று சன்னல் வழியாக நீட்டினாள்.

அவளுக்குத் தெரியாது, சார் சுத்த சைவம். முட்டை என்ற சொல் காதில் விழுந்தாலே குளித்துவிட்டு வருகிற ஆள். நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டு, பொதியை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். கண்டக்டர் வந்து அதை மேலே போடச் சொன்னார்.

"வேண்டாம். இது எனக்க மடியிலேயே இருக்கட்டும்" என்றார் கம்பு சார்.

பஸ் போனதும் பிரகாசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரேஷன் கடைக்காரனுக்கு அழுகை வராது என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன்.