பேய் வீட்டுக் காளி

குஞ்சம்மாள் கற்பூரத்தை ஏற்றிக் காட்டியதும், தன்னைப் பார்த்து ஒருவராவது பயப்படுவார் என்று அரிகிருஷ்ணனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

"தாயே! கண்ணத் தொறந்து பாரு!" என்று அவள் அவன் காலில் விழுந்தாள். தேங்காய்த்திட்டு மீனவர் குப்பத்தில் மீன் விற்கிறவள். பொருட்காட்சியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பேய் வீட்டுக்குள் வந்திருந்தாள்.

அரி தாயும் இல்லை, பேயும் இல்லை. லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக், மெக்கானிக்கல், கடைசி வருடம். நாற்பது நாள் தொழிற்பயிற்சி, சம்பளமும் உண்டு என்று ராட்சத ராட்டினத்துக்கு வந்தவன். வந்த மூன்றாம் நாள் பேய் வீட்டுப் பேய்க்கு அம்மை போட்டுவிட்டது.

"ரெண்டே நாள் சமாளிடா" என்று மேனேஜர் தணிகாசலம் ஒரு வெள்ளைத் துணியை அவன் தலையில் போர்த்தினார். அந்த ரெண்டு நாள் ரெண்டு வாரமாகியும் முடியவில்லை.

வெள்ளைத் துணிக்கு யாரும் பயப்படவில்லை. "ஒருத்தர்கூடக் கத்தலியே! இப்பிடி இருந்தா என்னத்தப் பயிற்சி?" என்று மேனேஜர் கடுகடுத்தார். அதனால்தான் இன்று முகத்தில் கரி, வாயோரம் சிவப்புச் சாயம், இடுப்பு வரை சடைமுடி. மாசி மாதம் மயானக் கொள்ளைத் திருவிழாவில் இதே வேஷத்தோடு காளி தெருவில் வருவதும், ஜனங்கள் காலில் விழுந்து குறி கேட்பதும் இந்தப் பக்கத்து வழக்கம். உள்ளூரில் பிறந்த அரிக்கே அது ஞாபகம் வராமல் போனதை என்னவென்று சொல்வது!

பயந்து ஓடட்டும் என்று அவன் "ஊ...!" என்று உறுமினான்.

"அருள் வந்துடுச்சி! தாயே, எங்க போட்டு எஞ்சினு மூணு நாளா கெளம்பல. யாரு வெச்ச செய்வினைன்னு சொல்லு!"

கேட்டது எஞ்சின் சங்கதி. படித்த வாய் சும்மா இருக்குமா? "செய்வினை இல்லடி! டீசல்ல தண்ணி கலந்திருக்கு! டேங்கைக் கழுவு!" என்று கத்திவிட்டான்.

அவளைத் துரத்தச் சொன்ன பதில், மறுநாள் தேங்காய்த்திட்டையே கூட்டிக்கொண்டு வந்தது. எஞ்சின் ஓடிவிட்டதாம். ஒருவர் தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்டார், ஒருத்தி தையல் மிஷினைப் பற்றி. எல்லாருக்கும் எலுமிச்சம்பழம் வேறு கொடுக்க வேண்டியிருந்தது.

அரி மேனேஜரிடம் ஓடினான். "சார், சனிக்கிழமை எங்க சுப்பராயன் சார் வர்றாரு. மிஷினப் பத்திக் கேள்வி கேப்பாரு, வைவான்னு பேரு. அதுல தேறலன்னா சான்றிதழ்ல கையெழுத்துப் போட மாட்டாரு, பரீட்சையும் எழுத முடியாது. ஒரு வருஷம் போயிடும் சார். நான் இன்னும் ராட்டினத்துல ஒரு நட்டைக்கூடத் தொடல."

"டேய், வாசல்ல கூட்டத்தப் பாத்தியா? சாமியப் புடிச்சி கிரீஸ் தடவச் சொன்னா ஜனம் என்னை உதைக்கும்டா!"

சனிக்கிழமை மாலை அரி பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தான். அங்கேயும் பத்துப் பெண்கள் வேப்பிலையோடு நின்றார்கள். திரும்பி உள்ளே வந்தால், எதிரே கைகட்டி நிற்கிறார் சுப்பராயன் சார்.

இந்தக் கோலத்தில் தன்னை அடையாளம் கண்டுகொண்டால் தீர்ந்தது கதை. அரி சடையை முகத்தில் தள்ளிவிட்டுக்கொண்டு பெருங்குரலில் உறுமினான்.

சார் பயபக்தியோடு கும்பிட்டார். "தாயே, என் ஸ்கூட்டர் மேட்டுல ஏற மாட்டேங்குது. ஒரே புகை."

"பெட்ரோல்ல ஆயில அதிகமா ஊத்தறடா! சைலன்சர்ல கரி அடைச்சிருக்குடா!"

"இந்த ராட்டினம் சுத்தும்போது கடக்கு கடக்குன்னு சத்தம் வருதே தாயே?"

"பேரிங் தேஞ்சிருக்குடா! மாத்தச் சொல்லுடா!"

"டீசல் எஞ்சின்ல பிளக்கே இல்லியே, எப்பிடித் தாயே தீப்பிடிக்குது?"

"காத்த அழுத்துனா சூடாவும்டா! அந்தச் சூட்டுல டீசல் எரியும்டா!"

இதுகூடத் தெரியாமலா இந்த மனிதர் மூன்று வருடம் பாடம் நடத்தினார் என்று அரிக்குப் பரிதாபமாக இருந்தது.

"கடைசியா ஒண்ணு தாயே. அரிகிருஷ்ணன்னு என்கிட்ட படிக்கிற பையன் ஒருத்தன் இங்க இருக்கணும். ஆளயே காணோம். கையெழுத்துப் போடலாமா?"

"போடுடா! இப்பவே போடுடா!"

சார் எலுமிச்சம்பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார். அரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருடத்தைக் காளி காப்பாற்றிவிட்டாள். கரியை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு, சார் போவதற்குள் பிடிக்க டிக்கெட் கவுண்டருக்கு ஓடினான்.

டிக்கெட் கொடுக்கும் செல்வாம்பாள் கையெழுத்துப் போட்ட சான்றிதழை நீட்டினாள்.

"உங்க வாத்தியாரு குடுக்கச் சொன்னாரு தம்பி. வைவா முடிஞ்சிதாம், எல்லாக் கேள்விக்கும் சரியாத்தான் சொன்னியாம். வாத்தியாரப் போயி 'டா' போட்டுப் பேசினதுக்கு மட்டும் அஞ்சு மார்க்கு கொறச்சிட்டாராம்."