ஐம்பத்திரண்டு துண்டுகளில் அக்கா

மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் ஆளைப்போல ஆபத்து வேறு கிடையாது. என் பத்தொன்பதாவது வயதில், கந்தப்பளைக்கு மேலே நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், அந்த ஆபத்து நான்தான்.

அந்த வாரம் விடாத மழை. மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. இன்டர்நெட்டும் போய்விட்டது. போன் பேசலாம், எஸ்.எம்.எஸ். போகும், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துத்தான் கினிகத்தேனையிலிருந்து, அக்காவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அப்பா பேசினார். அக்காவின் படம் உடனே வேண்டுமாம். ஜாதகம் பொருந்திய இன்னொரு பெண்ணின் படம் கைக்கு வந்துவிட்டதாம். நாளை வெள்ளிக்கிழமை, நல்ல நாள், ஏதாவது ஒரு பக்கம் முடிவு சொல்லிவிடுவாராம்.

அக்கா அந்த மாப்பிள்ளையை ஒரே ஒரு முறை தேர்த் திருவிழாவில் பார்த்திருந்தாள். பிடித்துப் போயிற்று. அதை வாய் திறந்து சொல்லமாட்டாள். (அப்பல்லாம் எங்க அக்கா அப்படி ஒரு பூனை!) அடுப்படியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ரொட்டி தட்டினாள். எனக்குத் தாங்கவில்லை.

"அழுவாதக்கா. படத்தை எஸ்.எம்.எஸ்.ல அனுப்புறேன்."

"அதுல எழுத்துதானடி போகும்?"

"படத்தையே எழுத்தாக்கிருவேன்!"

அளந்து விடவில்லை. வகுப்பில் எங்கள் சார் சொல்லியிருந்தார். படமோ பாட்டோ, கம்ப்யூட்டருக்குள் எல்லாம் வெறும் எண்கள்தான். எழுத்துக்கென்று போட்ட வழியில் அந்த எண்களை அப்படியே விட்டால் குழம்பிவிடும். அதனால் மும்மூன்றாக எடுத்து நந்நான்கு எழுத்தாக மாற்றி அனுப்புவார்கள். அந்தப் பக்கம் திருப்பி மாற்றினால் பழையபடி படம்.

என் பழைய லாப்டாப்பில் அதற்கான புரோகிராம் இருந்தது. அக்காவைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, பட்டனை அமுக்கினேன். திரை முழுக்க ஆங்கில எழுத்து, எண், கூட்டல் குறி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதில் அக்காவின் மூக்கு எது? இந்தப் பெரிய 'கே' காதாக இருக்குமோ? ஆசை அடங்காமல் ஒரே ஓர் எழுத்தை மாற்றித் திரும்பப் படமாக்கினேன். அக்காவின் கன்னம் ஊதா நிறமாகிவிட்டது. ஐயோ, எவ்வளவு அழகு! இன்னொன்றை மாற்றினேன்.

"அடியே, படத்தை அனுப்புறியா, இல்ல பேன் பாத்துக்கிட்டு இருக்கியா?" என்று அம்மா கத்தினாள்.

மாற்றியதைச் சரிசெய்து, எழுத்துகளைப் போனில் ஏற்றி, ஐம்பத்திரண்டு துண்டாக்கினேன். சிக்னல் நன்றாக இருக்கும் இடம் பெரட்டுக்களம்தான். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு, வரிசையாக நிறுத்தி வேலைக்கு அனுப்பும் இடம். மறுநாள் காலை அந்த இடத்தில் நின்றுகொண்டே ஒரு துண்டுக்குக்கூட நம்பர் போடாமல் அனுப்பினேன். இது என்ன, யாரிடமிருந்து என்று ஒரு வரி எழுதவும் தோன்றவில்லை. (மண்டையில என்னதான் இருந்துச்சோ!)

ஐம்பத்திரண்டாவது போனதும் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா.

"யாரும்மா நீங்க? காலையில இருந்து போன் கத்திக்கிட்டே கெடக்கு. ஏசுறதுன்னா தமிழ்ல ஏசுங்க!"

"மாமா, அது எங்க அக்கா."

"எது?"

"எல்லாமே, மாமா."

வைத்துவிட்டார்.

பக்கத்தில் குடை பிடித்து நின்ற அம்மா, அந்தக் குடையாலேயே இரண்டு போட்டாள். வலிக்கவில்லை. வீட்டில் அக்கா ஒரு வார்த்தை திட்டாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள், அதுதான் வலித்தது. அவள் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று அழுதேன்.

மத்தியானம் மறுபடி அதே நம்பர். பயத்தில் ஸ்பீக்கரில் போட்டேன். பேசியது மாப்பிள்ளை. போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்.

"மொத மெசேஜு சாய்கோடு, ஒன்பது, ஜேன்னு ஆரம்பிச்சிச்சிங்க. இந்த மாதிரிப் படத்தை எழுத்தாக்குனா அப்படித்தான் வரும். அப்புறம் சும்மா இருக்க முடியல, மாத்திப் பாத்தேன். கண்ணு வரைக்கும் நல்லா வந்திருச்சிங்க. அதுக்குக் கீழ மெசேஜெல்லாம் முன்னப்பின்ன கலந்து ஒரே பச்சைக் கோடு. நம்பர் போட்டுத் திரும்ப அனுப்புறீங்களா?"

பின்னாலிருந்து அவர் அப்பாவின் குரல்: "அந்தப் புள்ளைக்கு வாய் இருக்கான்னு கேளுடா!"

படுத்திருந்த அக்கா எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள்.

"வாயெல்லாம் இருக்குங்க. இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கல, அவ்வளவுதான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மாப்பிள்ளை சிரித்தார். "திரும்ப அனுப்ப வேணாங்க. ரோடு தொறந்ததும் நேர்லயே வந்து மிச்சத்தைப் பாத்துக்கிறேன்."

வந்தார், பார்த்தார், கட்டிக்கொண்டார். கினிகத்தேனை வீட்டுக் கூடத்தில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்குக் கீழே பச்சைக் கோடாக இருக்கும் அக்காவும் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருக்கிறாள். அன்று திறந்த வாயை அவள் இன்னும் மூடவில்லை. அவள் சண்டைக்கு நிற்கும்போதெல்லாம் மாமா அந்தப் படத்தைக் காட்டித் தன் மகனிடம் கேட்பார்:

"கண்ணு வரைக்கும் வந்துச்சில்ல? அதோட விட்டிருந்தா என்னடா?"