குணமாகிப்போன கேஸ்

ஏழாம் கட்டில் காலியாக இருந்தது. அதுவும் சாதாரணக் காலி இல்லை. விரிப்பை உருவி, மெத்தையைத் துடைத்து, ஜன்னல் பக்கம் நிமிர்த்தி வைத்துவிட்ட காலி.

நர்ஸிங் இறுதியாண்டு மாணவி வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். எந்தத் தாளையும் குண்டூசி குத்திக் கோத்து வைக்கிற பழக்கத்தால் வகுப்பில் அவளுக்குக் குண்டூசி என்றே பெயர். கையில் நாற்பத்திரண்டு பக்கக் கோப்பு. ஏழாம் கட்டில்காரரின் வயிற்றுப்புண்ணைப் பற்றித் தலைப்புக்குச் சிவப்பு, குறிப்புக்கு நீலம், அடிக்கோட்டுக்குப் பச்சை என்று மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியது. பத்து மணிக்குச் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினர் நோயாளியின் பக்கத்தில் வைத்துத்தான் கேள்வி கேட்பார். தேறினால் வருகிற திங்கட்கிழமை வேலையில் சேரலாம். உத்தரவு வீட்டுக்கு வந்துவிட்டது. தவறினால் ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்த தேர்வு. அதுவரை அந்த வேலை இவளுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காது.

நோயாளியை மாடிப்படியில் பிடித்தாள். பையும் கையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

“ஐயா, ரெண்டே ரெண்டு மணி நேரம் படுத்திருங்களேன்.”

“ஏம்மா, நேரத்துக்கு மருந்து, நேரத்துக்குச் சாப்பாடுன்னு மெரட்டி மெரட்டிக் குணமாக்கினது யாரு? நீதானே? இப்ப நீயே போகாதேங்கறே.”

“கொஞ்சம் மெதுவாக் குணமாகியிருக்கலாம்ல?”

“கீழே வண்டி நிக்குதும்மா. வேணும்னா என் மச்சானை வெச்சுக்கோ. மருந்து வாங்க வரிசையில நிக்கிறான். இன்னிக்கு அவனுக்கு லாரி இல்ல.”

மச்சானுக்கு ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். மெத்தையைப் போட்டு, விரிப்பை இழுத்து மடித்துப் படுக்க வைத்தபோது கணுக்கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நின்றன.

“நான் என்ன பண்ணணும் தங்கச்சி?”

“ஒண்ணும் பண்ண வேணாம்ணே. கேட்டா மேல்வயிறு வலிக்குதுன்னு சொல்லுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி எரியும், சாப்பிட்டா அடங்கிடும். அவ்வளவுதான்.”

“அது எனக்குத் தினமும் இருக்கே. நான் பசின்னுல்ல நெனச்சேன்.”

அப்போதுதான் கோப்பு ஞாபகம் வந்தது. அதில் நோயாளியின் இன்றைய எடை ஐம்பத்திரண்டு கிலோ. ஐந்தை ஒன்பதாகத் திருத்தினாள். அடுத்த பக்கத்தில் ‘நோயாளி மிகவும் மெலிந்து காணப்படுகிறார்’ என்றிருந்தது. ‘மெலிந்து’ என்பதை அடித்தாள். இப்போது நோயாளி மிகவும் காணப்பட்டார். எடை வரைபடத்தில் இன்றைய புள்ளியையும் மேலே ஏற்றினாள். மூன்று வாரமாகத் தரையோடு ஊர்ந்துவந்த கோடு, இன்று காலை மட்டும் கூரையைப் பார்த்துப் பாய்ந்தது. பழைய கோட்டைத் திருத்த நேரமில்லை.

பத்து மணிக்குப் பிரின்சிபாலம்மா எக்ஸாமினரம்மாவை அழைத்து வந்தார். எது நின்றாலும் தன் கல்லூரியில் தேர்வு நின்றதில்லை என்பது பிரின்சிபாலின் பெருமை. “நீங்க பாருங்க மேடம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எக்ஸாமினர் முதலில் விரிப்பின் மூலை மடிப்பை விரலால் நீவிப் பார்த்தார். “நூல் பிடிச்ச மாதிரி இருக்கு.” பிறகு கோப்பைப் புரட்டினார். வரைபடத்தில் கண் நின்றது.

“ஒரே நாள்ல நாப்பது கிலோ ஏறியிருக்கே?”

குண்டூசி விரிப்பை இன்னொரு தரம் இழுத்துவிட்டாள். “நல்ல கவனிப்பு மேடம்.”

“அப்படித்தான் இருக்கணும்” என்று எக்ஸாமினர் குறித்துக்கொண்டார்.

இவ்வளவு நேரமாகத் தன்னை யாரும் ஒன்றும் கேட்காதது மச்சானுக்குப் பொறுக்கவில்லை. “ஐயோ, எரியுதே” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி முனகி, தொண்டையிலிருந்து தொடைவரை தடவினார்.

இரண்டு கட்டில் தள்ளி நின்ற டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். கட்டில் எண்ணைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். ஆளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“புண்ணு பெரிசாயிருக்கும்போல. வாய் வழியாக் குழாய் விட்டுப் பார்த்துடலாம். தூக்குங்க.”

ஸ்ட்ரெச்சர் வந்தது. தூக்க வந்த இருவர், தூக்கிப் பார்த்துவிட்டு மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார்கள்.

முனகல் சட்டென்று நின்றது. “தங்கச்சி, குழாய் எவ்வளவு நீளம்?”

“ஒரு கை நீளம்ணே.”

“யாரு கை?”

எக்ஸாமினரின் பேனா மதிப்பெண் தாளின் மேல் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் மச்சான் இவள் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். இந்தப் பயம் நடிப்பில்லை. ‘நோயாளியின் அச்சத்தைப் போக்குதல்’ என்று பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் எழுதியவள் அவள்தான்.

ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்து நிறுத்தினாள்.

“இவருக்கு ஒண்ணுமில்ல டாக்டர். இவர் நோயாளியே இல்ல. ஏழாம் கட்டில்காரர் காலையிலேயே குணமாகிப் போயிட்டார். பரிட்சைக்காக நான்தான் இவரைப் படுக்க வெச்சேன். தப்பு என்னோடது மேடம்.”

“அப்ப அந்த எடை?” என்றார் டாக்டர்.

“அதுவும் நான்தான் சார்.”

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார். எக்ஸாமினர் திட்டவில்லை. முகம் வெளிறி, நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. குண்டூசி பரிட்சையை மறந்தாள். அவரைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள். மச்சான் தலையணையை எடுத்துக் கொடுத்துவிட்டு, மடித்த கோப்பால் விசிறினார்.

“மெதுவா மூச்சு விடுங்க மேடம். ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல.”

எக்ஸாமினரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “ஏம்மா, பரிட்சையில ஆள் மாறாட்டம் பண்ணினா என்ன பண்ணுவாங்க?”

“வெளியே அனுப்பிடுவாங்க மேடம்” என்றாள் குண்டூசி. கண்ணில் நீர் முட்டியது. வீட்டில் இருக்கும் வேலை உத்தரவை எண்ணிப் பார்த்தாள்.

அப்போது வாட்ச்மேன் வார்டுக்குள் தலையை நீட்டி, கட்டிலில் சாய்ந்திருந்த எக்ஸாமினரைப் பார்த்தார்.

“தையல் டீச்சரம்மா, உங்களைப் பின்வாசல் வழியா உங்க ஸ்கூலுக்கே போயிடச் சொன்னாங்க பிரின்சிபாலம்மா. நிஜ எக்ஸாமினர் வந்து இறங்கிட்டாங்க.”