மாதா வரை எட்டாத வெளிச்சம்

"இனி இந்த வீட்டு வாசலை எலக்ட்ரீஷியன் மிதிக்கக் கூடாது" என்று என் மனைவி டோரீனிடம் அறிவித்தபோது நான் புலி. சுவிட்சைப் போட்டுப் பார்த்தபோது எலி.

திருவிழாவுக்கு முன்னால் எங்கள் ஜெபமாலைக் குழு மாதா சுரூபத்தை ஒன்பது நாள், ஒன்பது வீட்டுக்கு எடுத்துப்போகும். முதல் நாள் எங்கள் வீடு. கேட்டிலிருந்து மொட்டை மாடிப் பீடம் வரை பன்னிரண்டு வோல்ட் விளக்குகளை நானே போட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் கேட்டருகே. ஒயர், சிவாஜிநகரில் வாங்கிய மெல்லிய ஸ்பீக்கர் ஒயர். கேட்டில் விளக்கு ஜொலித்தது. படியில் மங்கியது. மாடியில், மாதா நிற்கவேண்டிய இடத்தில், எரிகிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.

"டெஸ்ட் பண்ணீங்களா?" கீழிருந்து டோரீன்.

"பண்ணேன். சூப்பர்."

"மேல வரைக்கும்?"

"மேலதான் ரொம்ப சூப்பர்."

"ஒயர் மெலிசா, நீளமா போனா வோல்டேஜ் வழியிலயே கொறஞ்சிடும்னு பெருமாள்சாமி சொன்னாரே?"

"அவருக்கு என்ன தெரியும்?"

"எலக்ட்ரீஷியன்ங்க அவரு."

மாதா இருட்டில் நின்றால் டோரீன் என்னை எங்கே நிற்கவைப்பாள்? மறுநாள் ஆபீஸில் ஒரு ஜெபமாலை முழுதும் சொன்னேன். மின்சாரத்தின் ஓம் விதியை இன்று ஒருநாள் மட்டும் தளர்த்தச் சொல்லி மாதாவைக் கெஞ்சினேன்.

சாயங்காலம் சுரூபத்தோடு முப்பது பேர் பாடிக்கொண்டே மாடி ஏறினார்கள். டோரீன் சுவிட்சைப் போட்டாள். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தால், பீடம் பளபளவென்று இருந்தது. மாதா செய்த புதுமையேதான், அற்புதம்.

"யாரு போட்டது?" என்றார் குழுத்தலைவி ஜோவிதா.

"நான்தான்" என்றது என் வாய்.

டோரீன் சிரித்தாள். இருபத்திரண்டு வருடமாக நான் பயப்படுகிற சிரிப்பு அது.

"ஆமாக்கா, அவரேதான். மிச்ச எட்டு வீட்டுக்கும் அவரே போட்டுத் தராராம்."

எல்லோரும் கை தட்டினார்கள். பீடத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் மாடிக்கு வந்திருந்தது. ஒயர் விரல் தடிமன்.

"பெருமாள்சாமி வந்தாரா?" என்றேன், அவள் காதோரம்.

"மத்தியானமே."

"அவர் நம்பர் குடும்மா. எட்டு வீடாச்சே."

"அவரு ஆனேக்கல் போயிட்டாருங்க. திருவிழா முடிஞ்சுதான் வருவாரு. அதான் கெளம்பறதுக்கு முன்னாடி நம்ம வீட்டை முடிக்கச் சொன்னேன். நாளைக்கு ஜோவிதாக்கா வீடு. மூணு மாடி."