எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதற்கு ஹங்கேரி சாட்சி

அப்பாசியா, குவைத்
ஜூலை 8

மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு,

மூத்த மருமகன் விஜயபாஸ்கர் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் மாமா அவர்களும் கோவில்பட்டியில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். மாமாவின் முழங்கால் வலிக்கு வேண்டிய தைலம் இத்துடன் வருகிறது. என் சுகத்தைப் பற்றிக் கேட்டால், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, நிலைமைதான் மோசம்.

போன் இருக்கிற காலத்தில் இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் மகள் சங்கீதா என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு பத்து நாள் ஆகிறது. தங்கள் நம்பருக்கு அடித்தாலும் அவளே எடுத்து, "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறாள். பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியவன் ராங் நம்பராம். ஆகவே லீவில் ஊருக்கு வரும் காதர் மைதீன் பாய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகும் நேரமாகப் பார்த்துப் படிக்கவும்.

அவள் கடைசியாக அனுப்பிய செய்தியில், ஆகஸ்ட் 28-ஆம் தேதி டிக்கெட்டில் திரும்பி வரப்போவதில்லை என்றும், பாப்பாவைக் கோவில்பட்டியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்க்கப்போவதாகவும், இங்குள்ள பள்ளியில் டி.சி. வாங்கி அனுப்பும்படியும் தெரிவித்திருந்தாள். அப்படி நான் செய்த குற்றம்தான் என்ன? குடித்தேனா, சீட்டாடினேனா? சீஸ் பொரித்தேன், அத்தை. ஹங்கேரி நாட்டு முறைப்படி, சுத்த சைவமாக. சமைத்தது கெட்டுப்போனால் பெண்டாட்டி கோபித்துக்கொள்வது நியாயம். நன்றாக வந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டால் நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவேன்?

பெண் பார்க்க வந்த அன்று தாங்கள் சேவுத் தட்டை நீட்டியபடி, "தம்பிக்குச் சமையல் எதுவும் தெரியுமா?" என்று கேட்டீர்கள். "சுடுதண்ணி வைக்கவும் தெரியாது" என்றேன். "தெரிய வேண்டாம், அதுக்குத்தான் எம்பொண்ணு இருக்கா" என்று சொன்னது தாங்கள்தான். அந்தச் சொல்லை நம்பி இத்தனை வருஷம் அடுப்படிப் பக்கம் போகாமல் இருந்தவன் நான். அதை நிரூபிக்கத்தான் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

இங்க ஸ்கூல் மூடினதும் பொம்பளைங்களும் பிள்ளைங்களும் ஊருக்குக் கிளம்பிருவாங்கங்கிறது உங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம் எங்க பில்டிங்ல மிச்சம் இருக்கது ஆம்பளைங்களும் கரப்பான் பூச்சியும்தான். ஹிஜ்ரி வருஷப் பிறப்பு லீவன்னிக்கு எல்லாரும் ஒரு பிளாட்ல கூடிச் சாப்பிடுவோம். ஆளுக்கு ஒரு ஐட்டம் கொண்டு வரணும், ஓட்டல் பார்சல் கூடாது, ஹலாலா, விரதமான்னு பஞ்சாயத்து வராம இருக்க முழுக்கச் சைவம். போன வருஷம் ஒம்பது பேர் தயிர் சாதம் கொண்டு வந்துட்டாங்க. நான் வழக்கம்போல பேப்பர் பிளேட்டு. இந்த வருஷம் சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. கீழ்வீட்டு சுகிர்தன், யாழ்ப்பாணத்துத் தம்பி, நல்ல பையன்னு நெனச்சிருந்தேன், "அண்ணை, பிளேட்டைச் சாப்பிடேலாது. இந்த முறை நீங்களும் ஏதாவது ஒண்டு செய்யத்தான் வேணும்"னு சீட்டுப் பெட்டியை மூக்குக்கு நேரா நீட்டிட்டான். எடுத்தா, "ஸ்டார்ட்டர். பொரிச்சது. இங்கே யாரும் சாப்பிட்டிருக்கக் கூடாது"ன்னு எழுதியிருக்கு. பஜ்ஜியைக் குவைத்துல சாப்பிடாதவன் எவன் இருக்கான், சொல்லுங்க.

எங்க ஆபீஸ்ல இல்திகோன்னு ஒரு ஹங்கேரிக்கார அம்மா இருக்காக. வயசு அறுபத்தொண்ணு, பேரன் பேத்தி எடுத்தவுக. சங்கீதா கேட்டா இதை அழுத்திச் சொல்லுங்க. ஆனா அவ அந்த அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலைங்கிறதுதான் எனக்கு இடிக்குது. அவுககிட்டச் சீட்டைக் காமிச்சேன். அவுக ஊர்ல கோடை லீவுக்கு ஏரிக்கரையில சொந்தபந்தமெல்லாம் கூடினா இதைத்தான் திம்பாகளாம்: சீஸ் துண்டு, காளான், காலிபிளவர், மூணையும் மாவுல பிரட்டி, முட்டையில முக்கி, ரொட்டித் தூள்ல உருட்டிப் பொரிக்கணும். "ஹண்ட்ரட் பர்சென்ட் வெஜிடேரியன்"னு அடிச்சுச் சொல்றாக. முட்டை இருக்கேம்மான்னேன். முட்டைக்குக் காலா இருக்கு, ஓடவா செய்யுதுங்கிறாக. நியாயம்தான். ஆனா எங்க கூட்டத்துல முட்டை வச்ச பாத்திரத்தைக்கூடத் தொடாத ஆளு மூணு பேரு. அதனால முட்டைக்குப் பதிலா மைதாவும் சோளமாவும் சரிக்குச் சரி போட்டு, தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமா, உப்பும் மிளகும் சேத்துக் கரைச்சேன். கெட்டியாக் கரைச்சா மேல்தோல் உரிஞ்சு வந்துரும். இது தெரிஞ்சு செஞ்சதில்ல அத்தை, கை தவறித் தண்ணி அளவா விழுந்துருச்சு.

அடுத்து ரொட்டித் தூள். குப்பூஸ் ரொட்டியைப் பிச்சுப் பால்கனியில காயப்போட்டேன். அம்பது டிகிரி வெயில். உள்ள போயி ஒரு டீ போட்டுக் – இல்லை, கீழே கடையில் வாங்கிக் – குடிச்சுட்டு வர்றதுக்குள்ள அப்பளமாக் காஞ்சிருச்சு. பாதியைப் புறாக்கள் சாப்பிட்டுப் போயிருச்சு. அப்புறம் காளானைக் கழுவப் பச்சைத்தண்ணிக் குழாயைத் திறந்தேன். இந்த மாசத்துல இங்க பச்சைத்தண்ணிக் குழாயில வர்றது கொதிதண்ணிங்கிறது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நான் மறந்துட்டேன். ஒரு கிலோ காளானும் கையிலேயே வெந்து அரை கிலோவா ஆயிருச்சு. காளானைக் கழுவவே கூடாது, ஈரத்துணியால தொடைக்கத்தான் செய்யணும்னு எனக்கு எப்படித் தெரியும்?

சீஸ் கதை இதைவிடக் கேவலம். அந்த அம்மா சொன்னது கத்தியால வெட்டுற மஞ்சக்கட்டி. நான் பக்காலாவுக்கு, அதான் தெருமுனை மளிகைக் கடைக்குப் போயி, பிள்ளைங்க ரொட்டியில தடவுற முக்கோண சீஸ் ஆறு டப்பா வாங்கிட்டு வந்தேன். நாப்பத்தெட்டு முக்கோணத்துக்கும் வெள்ளித்தாள் உரிச்சு, மாவு பூசி, எண்ணெயில விட்டா, உள்ள சீஸையே காணோம்! சட்டை மட்டும் மிதக்குது, ஆளைக் காணோம். கரைஞ்ச சீஸ் அடியில போயிக் கருகி, பிளாட் முழுக்கப் புகை. கேட்ல காவலுக்கு இருக்க எகிப்துக்காரரு, இங்க ஹாரிஸ்னு சொல்லுவாங்க, தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறி வந்துட்டாரு. "மாஃபி நார், நெருப்பெல்லாம் இல்ல பாபா"ன்னு கெஞ்சி ஒரு காலிபிளவர் துண்டைக் கையில குடுத்தேன். கடிச்சுப் பாத்துட்டு இன்னொண்ணு கேட்டாரு. நெருப்பு இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட அவருக்கு ஏழு துண்டு வேண்டியிருந்துச்சு.

இப்படி ஒரு ஆளு சமைக்கத் தெரிஞ்ச ஆளா, நீங்களே சொல்லுங்க. வேற வழியில்லாம மறுநாள் மஞ்சக்கட்டியே வாங்கி, விரல் தடிமனுக்கு வெட்டி, ரெண்டு தடவை மாவுலயும் தூள்லயும் புரட்டி, ஃப்ரீஸர்ல அரை மணி நேரம் வச்சு எடுத்துட்டுப் போனேன். இதெல்லாம் பயத்துல தானா வந்த யோசனை. கூட்டம் சுகிர்தன் பிளாட்ல. சுடச்சுடப் போடலைன்னா சீஸ் செருப்புத் தோல் மாதிரி ஆயிரும்னு அங்கேயே அடுப்புல வாணலியை ஏத்தினேன். இல்திகோ அம்மாவும் பாக்கறதுக்கு வந்திருந்தாக. இருபத்திரெண்டு பேரு, மூணு ரவுண்டு, தட்டு நிக்கலை. "யல்லா பாஸ்கரு, இன்னொரு தட்டு!"ன்னு கத்துறாங்க. அந்த அம்மா ஒரு துண்டைக் கடிச்சுட்டு, கண்ணை மூடி, அவுக பாஷையில என்னமோ சொல்லிட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாக. மிளகு கூடிப்போச்சோன்னு நெனச்சேன். இல்லையாம், அவுக அம்மா நெனப்பு வந்துருச்சாம்.

அந்த நேரத்துல அந்த சண்டாளன் சுகிர்தன் வீடியோ எடுத்துட்டான். நாப்பத்திரெண்டு செகண்டு. எடுத்தவன் சும்மா இருந்தானா? பில்டிங் குரூப்ல போட்டான். அங்கேர்ந்து பொம்பளைங்க குரூப்புக்குத் தாவி, பதினோரு நிமிசத்துல கோவில்பட்டி போய்ச் சேந்துருச்சு. நானும் அதை நூறு தடவை பாத்துட்டேன். வலது கையில அரிகரண்டி. எண்ணெய் வடிய ரெண்டு உதறு உதறி, தட்டுல சாய்க்கிறேன். இடது கை பின்னால போயி, நான் திரும்பியே பாக்காம, கேஸைக் கொறைக்குது. வாயில பாட்டு வேற. வெறும் விபத்து, அத்தை! கை வழுக்கினா எப்பவும் கெட்டதாத்தான் ஆகணுமா? ஒரு தடவை நல்லதா ஆகக் கூடாதா?

சங்கீதா ஒத்துக்கலை. அவ அனுப்பினது இவ்வளவுதான்: "கரண்டியை உதறுற அந்தக் கை, முதல் தடவை உதறுற கை இல்ல. டிக்கெட்டை கேன்சல் பண்ணுங்க. பாப்பா இங்கயே ஆறாம் வகுப்புல சேரட்டும், டி.சி. வாங்கி அனுப்புங்க." அதோட பிளாக். பத்து நாளா இந்த வீட்டுல பேச்சுச் சத்தம் இல்ல. பாப்பாவோட சைக்கிள் கதவுக்குப் பின்னாடி நிக்குது, ஒவ்வொரு தடவையும் கால்ல இடிச்சுக்கிறேன். தாங்கலை அத்தை.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, "மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியாது, அதற்கு நான் பொறுப்பு" என்று தங்கள் மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாங்கள் சொன்னால் கேட்பாள். மாமாவுக்கு என் வணக்கங்கள். பாப்பாவுக்கு ஆயிரம் முத்தங்கள். தாயையும் மகளையும் நல்லபடியாக விமானம் ஏற்றி அனுப்பும் புண்ணியம் தங்களைச் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
விஜயபாஸ்கர்

பி.கு. – மேலே எழுதினதைக் காதர் மைதீன் பாய் வாங்கி வாசிச்சுப் பாத்தாரு. அவரு சிரிப்பாருன்னு எதிர்பாத்தேன். சிரிக்கலை. காகிதத்தை மடிச்சு என் கையிலேயே குடுத்துட்டாரு. "தம்பி, நீ சோறு போட்ட பதினோரு பேர்ல நானும் ஒருத்தன். நான் கொண்டுபோயிக் குடுக்கிற காகிதத்துல பொய் இருக்கப்படாது. நெசத்தை எழுது, இல்லைன்னா தைலத்தை மட்டும் குடு"ன்னுட்டாரு.

நெசம் இதுதான் அத்தை. முக்கோண சீஸ் வாங்கினது எங்க பில்டிங்ல இருக்க வீரபாண்டி, அதுவும் போன வருஷம். புறாவும் பொய், புகையும் பொய். ஹாரிஸ் வந்தது வாசனைக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் நான் ரூம்ல பதினோரு பேரோட இருந்தேன். பேச்சிலர் ரூம்ல சமையல் ஆளுக்கு ஒரு நாள் டர்ன். என் டர்ன் அன்னிக்குப் பக்கத்து ரூம்காரனும் தட்டோட வந்து நிப்பான். அதனால வாரத்துல நாலு டர்ன் என் தலையில விழுந்துச்சு. அதுல வெறுத்துப்போய்த்தான் உங்ககிட்ட அன்னிக்கு சுடுதண்ணின்னு சொன்னேன். இங்கேர்ந்து ஊருக்குப் பொண்ணு பாக்க வர்ற முக்காவாசிப் பேரு அதைத்தான் சொல்றான். மாமாகூடக் கல்யாணத்துக்கு முன்னாடி சிவகாசியில அஞ்சு வருஷம் தனியா ரூம் எடுத்து இருந்தவுகதான். ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

ரெண்டு மாசம் சும்மா இருந்துட்டுச் சொல்லிரலாம்னு நெனச்சேன். அப்புறம் சொல்ல முடியலை. பாப்பா பொறந்தப்ப உங்களுக்கு விசா கிடைக்காம நீங்க வர முடியாமப் போச்சுல்ல, அப்ப ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சங்கீதா பூண்டு ரசம் கேட்டா. நான் எந்திரிச்சு அடுப்படி வாசல் வரைக்கும் போனேன். போயிட்டுத் திரும்பி, ஓட்டலுக்குப் போயி வாங்கிட்டு வந்தேன். அது ரசம் இல்ல, புளித்தண்ணி. அவ ஒரு வாய் குடிச்சுட்டு மூடி வச்சுட்டா. கோவப்படலை. "பாவம், உங்களுக்கு என்ன தெரியும்"னு என் தலையைத் தடவிக் குடுத்தா.

அவ இப்ப கோவப்படுறது சீஸுக்கு இல்ல அத்தை, அந்த ரசத்துக்கு. வீடியோ போன அன்னிக்கே எனக்குத் தெரியும். வெக்கமா இருக்கு.

அதனால மேல எழுதின பக்கத்தையெல்லாம் அடுப்புல போட்டுருங்க. அவ துணி எடுத்துட்டு மாடியிலேர்ந்து இறங்கி வந்ததும் இந்தப் பின்குறிப்பை மட்டும் அவ கையில குடுங்க. டி.சி.க்கு நான் எழுதிக் குடுக்கலை, டிக்கெட்டையும் கேன்சல் பண்ணலை. இருபத்தெட்டாம் தேதி அவ வந்து இறங்கும்போது அடுப்புல பூண்டு ரசம் இருக்கும், அதுக்கு மறுநாளும் என் டர்ன்தான். பதினோரு வருஷம் தாமதமா வச்ச ரசம், நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன். திட்டணும்னா திட்டட்டும். நேர்ல வந்து திட்டச் சொல்லுங்க.